ஹொலிடேயில நிண்டால் சனிக்கிழமை ஓவர்டைம் காசும் சேரவேணுமோ?

ஊரெழுவான் | 2025 மார்ச் 9, ஞாயிறு

வணக்கம் உறவுகளே. பாக்கச் சின்னக் கேள்வி மாதிரித் தெரியும். எனக்கு இரண்டு கிழமையா நித்திரை இல்லை.

நான் லண்டன் பார்க் ரோயலில ஒரு பாண் பக்டரியில ஒன்பது வருசமா இரவு வேலை. வெட்டின பாண் பையுக்குள்ள போற லைனில நிக்கிறன். திங்கள் தொடக்கம் வெள்ளி வரை இரவு பத்து மணிக்கு ஏறினால் விடிய ஆறரைக்கு இறங்குவன். இடைவேளை அரை மணித்தியாலத்துக்குக் காசில்லை. ஆகக் கிழமைக்கு 40 மணித்தியாலம், மணித்தியாலத்துக்கு 12.60 பவுண், மொத்தம் 504.

சனி இரவு ஓவர்டைம். ஒன்றரை மடங்கு, 18.90 பவுண். எட்டு மணித்தியாலத்துக்கு 151.20. கொன்ராக்டில 'விருப்பமெண்டால்' எண்டுதான் இருக்கு. ஆனால் புதன்கிழமை சுப்பவைசர் வெள்ளைப் பலகையில பேர் எழுதேக்க என்ர பேரைக் கேக்காமலே எழுதிப்போடுவார். நானும் அழிக்கச் சொல்லுறதில்லை. அந்தக் காசு இல்லாட்டி வீட்டு மோர்கேஜ் ஓடாது.

போன ஆகஸ்டில மூண்டு கிழமை ஊருக்குப் போனனான். அம்மாவுக்கு எண்பத்தொண்டு. நல்லூர்த் திருவிழா நேரம், சக்கரக் கதிரையில வைச்சு வீதி சுத்திக் காட்டினன். டிசம்பரில மகளுக்கு டொன்சில் ஒப்பரேசன், ஒரு கிழமை வீட்டில நிண்டன். இரண்டு முறையும் ஹொலிடே பே கிழமைக்கு 504 மட்டும். சனிக்கிழமை வேலைக்குப் போகாட்டிச் சனிக்கிழமைக் காசு எப்பிடி வரும் எண்டு ஒன்பது வருசமா எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தனான்.

போன மாதம் லைனுக்குப் புதுசா வந்த போலந்துக்காரப் பெடியன் ஒருத்தன், "முந்தி நிண்ட இடத்தில லீவெடுத்தால் ஓவர்டைமின்ர சராசரியும் சேத்துத் தருவினம், இஞ்ச ஏன் தாறேல்லை?" எண்டு கேட்டான். நான் எச்.ஆரிட்டப் போய்க் கேட்டன். "உங்கட ஓவர்டைம் விருப்ப ஓவர்டைம், கொன்ராக்டில இல்லை, அதால அடிப்படைச் சம்பளம் மட்டும்தான்" எண்டு அந்தப் பிள்ளை சொல்லிச்சுது.

ஆர் சொல்லுறது சரி? கேக்கப்போனால் வேலைக்கு ஆபத்து வருமோ? டிசம்பர் லீவுக்குச் சம்பளம் வந்தது 31ஆம் திகதி. பிந்திப் போச்சுதோ?


தேன்மொழி_ஹரோ | மார்ச் 9

அண்ணை, நான் ஒரு துப்பரவுக் கொம்பனிக்குப் பேரோல் (சம்பளக் கணக்கு) செய்யிறன், பதினொரு வருசம். உந்தக் கணக்கு எனக்கு ஒவ்வொரு மாதமும் கையில வாறது. போலந்துப் பெடியன் சொன்னதுதான் சரி.

முதலில ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. இஞ்ச சட்டப்படி வருசத்துக்கு 5.6 கிழமை லீவு. ஐஞ்சு நாள் வேலை செய்யிற ஆளுக்கு 28 நாள். அதில நாலு கிழமை, உங்களுக்கு 20 நாள், ஐரோப்பியச் சட்டத்தில இருந்து வந்தது. மிச்சம் 1.6 கிழமையைப் பிரித்தானியா தானாச் சேத்தது. அந்த 20 நாளுக்கும் 'வழக்கமாக் கையில வாற சம்பளம்' தரவேணும். மிச்ச எட்டு நாளுக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் குடுத்தால் சட்டத்தில பிழையில்லை. உங்கட மூண்டு கிழமையும் ஒரு கிழமையும் சேர்த்தால் சரியா நாலு கிழமை.

'விருப்ப ஓவர்டைம்' எண்ட சாட்டு ஒருகாலத்தில எடுபட்டது. 2014 நவம்பரில 'பெயார் ஸ்கொட்லண்ட்' எண்ட கொம்பனியின்ர வழக்கில வேலை வழக்குகளுக்கான மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது, முதலாளி கூப்பிட்டால் மறுக்கேலாத ஓவர்டைமைப் பற்றித்தான். பிறகு 2017இல டட்லி மாநகரசபையின்ர வீடு திருத்திற தொழிலாளிகள் வழக்குப் போட்டவை. மின்சார வேலை, குழாய் வேலை செய்யிற ஆக்கள். அவையின்ர ஓவர்டைம் முழுக்க விருப்பத்தில செய்தது, எந்தக் கொன்ராக்டிலயும் இல்லை. அதுவும் வழக்கமாச் செய்து வந்தால் ஹொலிடே பேயில சேரவேணும் எண்டு தீர்ப்பு வந்தது. 2019இல கிழக்கு இங்கிலாந்து அம்புலன்ஸ் ஊழியர் வழக்கில அப்பீல் கோர்ட்டும் அதையே சொல்லிச்சுது.

இப்ப வழக்குகளைத் தேடிப்போகவும் தேவையில்லை. 2024 ஜனவரி 1இல இருந்து 1998ஆம் ஆண்டு வேலைநேர ஒழுங்குவிதிக்குள்ளயே எழுதிப்போட்டினம்: லீவுக்கு முந்தின 52 கிழமையில வழக்கமாக் குடுத்துவந்த ஓவர்டைம் போன்ற கொடுப்பனவுகள் சேரும். வேலையோட ஒட்டின கொமிஷன் சேரும். சேவைக்காலம், தகுதிக்காகத் தாற படிகளும் சேரும். 'வழக்கமா' எண்டால் எத்தினை தரம் எண்டு சட்டம் எண்ணிக்கை சொல்லேல்லை. ஆனால் பலகையில கேக்காமலே உங்கட பேர் ஏறுது எண்டால் அதைவிட வழக்கம் என்ன இருக்கு?

திகதிதான் இப்ப எனக்குப் பயம். கடைசியாக் குறைச்சுத் தந்தது டிசம்பர் 31. மூண்டு மாதத்தில ஒரு நாள் குறைய எண்டால் மார்ச் 30, ஞாயிறு, மணிக்கூடு மாத்திற நாள். அதுக்குள்ள வேலைத் தகராறுகளைச் சமரசம் செய்யிற ஏகாஸ் (Acas) அமைப்பில பதியவேணும். பதியாமல் நேரடியா வேலை வழக்குத் தீர்ப்பாயத்துக்குப் போகேலாது. இரண்டுக்கும் காசில்லை, தீர்ப்பாயக் கட்டணத்தை 2017இலயே உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் எண்டு தூக்கிப்போட்டுது. ஏகாஸ் உதவி நம்பர் 0300 123 1100.

முதல் வேலை: பேஸ்லிப்புகளை எடுத்து மேசையில அடுக்குங்கோ. ஆகஸ்ட் லீவுக்கு முந்தின 52 கிழமையில எத்தினை சனி செய்தனீங்கள் எண்டு எண்ணுங்கோ. டிசம்பர் லீவுக்கு வேற 52 கிழமை, அதையும் தனியா எண்ணுங்கோ.


கந்தப்பு_சவுத்தோல் | மார்ச் 10

தம்பி, சட்டம் தெரிஞ்ச பிள்ளை சொல்லுறதை நான் மறுக்கேல்லை. ஆனால் நானும் 1989இல இருந்து இஞ்ச பக்டரிகளில நிண்டவன். 2011இல நாங்கள் ஆறு பேர் சேர்ந்து இடைவேளைக் காசு கேட்டம். ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையை மெதுமெதுவா வேற ஆக்களுக்குக் குடுத்திட்டினம். எனக்கு மாதம் இருநூறு பவுண்ஸ் போச்சுது. கேட்டால் 'இந்தக் கிழமை ஆள் தேவையில்லை' எண்டு சொல்லுவினம். உனக்கு மோர்கேஜ் இருக்கு, பிள்ளை இருக்கு. ஐந்நூறு பவுணுக்காக வருசத்துக்கு ஏழாயிரத்தைத் துலைச்சுப்போடாத. இதைப் பயத்தில சொல்லேல்லை, பட்டுத்தான் சொல்லுறன்.


தேன்மொழி_ஹரோ | மார்ச் 10

கந்தப்பு அண்ணை சொல்லுறதைத் தள்ளிப்போடேலாது. சட்ட உரிமையைக் கேட்டதுக்காக வேலையால நிப்பாட்டினால் அது தன்னாலயே அநியாய நீக்கம். இரண்டு வருசம் வேலை செய்திருக்கவேணும் எண்ட நிபந்தனையும் அதுக்கில்லை. வேலைநேர உரிமையைக் கேட்டதுக்காகச் சனிக்கிழமையைப் பறிச்சாலும் அது சட்டவிரோதம்தான். ஆனால் 'ஆள் தேவையில்லை' எண்டு சொல்லிக் குறைக்கிறதை நிரூபிக்கிறது லேசில்லை. அதைப் பொய்யாச் சொல்லி உங்களைத் தைரியப்படுத்த நான் வரேல்லை.

அதால ஒண்டு செய்யுங்கோ, ஊரெழு அண்ணை. இந்தப் புதனில இருந்து அந்த வெள்ளைப் பலகையை ஒவ்வொரு கிழமையும் போனில படம் எடுங்கோ. கடிதம் குடுக்க முந்தி உங்கட பேர் இருந்தது, குடுத்த பிறகு இல்லை, ஆனால் வேற எட்டுப் பேரின்ர பேர் இருக்கு எண்டால் அந்தப் படமே பேசும்.


திருச்சி_மணி | மார்ச் 11

தேன்மொழி அக்கா, ஓவர்டைம் பத்தி நீங்க சொன்னது போதும். நான் கமிஷன் பத்திச் சொல்றேன், இங்க சேல்ஸ்ல இருக்குற நம்ம பசங்க நிறைய பேருக்குத் தெரியாது.

நான் மில்டன் கீன்ஸ்ல ஒரு கார் ஷோரூம்ல இருக்கேன். மாசம் 1,900 பவுண்டு பேசிக், கமிஷன் சராசரியா 1,100 வரும். மார்ச், செப்டம்பர் ரெண்டு மாசமும் புது நம்பர் பிளேட் வர்ற மாசம், அப்ப லீவே கேக்க முடியாது. இப்பகூட 25 பிளேட் வண்டி டெலிவரி குடுத்துட்டு ராத்திரி பத்து மணிக்கு இதை டைப் பண்றேன்.

2023 மே மாசம் தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் ஊருக்குப் போனேன். மே சம்பளம் நல்லாவே வந்துச்சு, ஏன்னா அது ஏப்ரல்ல வித்த வண்டிக்கான கமிஷன். ஜூன் சம்பளத்தப் பாத்தா கமிஷன் 480. நான் ரெண்டு வாரம் எதுவும் விக்கல, அதனால அடுத்த மாசம் அடி விழுந்துச்சு. மேனேஜர் சொன்னாரு, "லீவுல இருந்தப்ப முழுச் சம்பளம் வாங்குனியே, அப்புறம் என்ன?"ன்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. உண்மையிலயே அவர் சொல்றது நியாயம்னுதான் நெனச்சேன்.

அப்புறம்தான் லாக்ங்கறவர் போட்ட கேஸைப் படிச்சேன். பிரிட்டிஷ் காஸ்ல வேலை பாத்த ஒரு சேல்ஸ்மேன். பேசிக் மாசம் 1,222.50, கமிஷன் சராசரி 1,912.67. 2011 டிசம்பர்ல கிறிஸ்மஸ் லீவு எடுத்தாரு. அந்த மாசம் பழைய கமிஷன் வந்துச்சு, அடுத்தடுத்த மாசம் குறைஞ்சுது. என் கதையேதான். கம்பெனியும் என் மேனேஜர் சொன்னதையே சொல்லுச்சு. 2014 மே 22ல லக்சம்பர்க்ல இருக்குற ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏத்துக்கல. லீவு எடுத்தா பின்னாடி காசு குறையும்னு தெரிஞ்சா ஒருத்தன் லீவே எடுக்கத் தயங்குவான், அப்ப லீவுங்கற உரிமைக்கே அர்த்தம் இல்லன்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் கம்பெனி விடல. 2016 அக்டோபர்ல அப்பீல் கோர்ட்லயும் தோத்துச்சு. 2017ல சுப்ரீம் கோர்ட் கேஸை எடுக்கவே மறுத்துருச்சு.

அந்தத் 'தயங்குவான்'ங்கற வார்த்தைதான் என்னைப் பிடிச்சு உலுக்குச்சு. 2022ல அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு வாரம் போகலாம்னு டிக்கெட் பாத்து, கமிஷன் போயிடும்னு அஞ்சு நாள்ல திரும்பி வந்தேன். கட்டு பிரிக்கிற அன்னிக்கு நான் அவர் பக்கத்துல இல்ல.

பேரோலுக்கு மெயில் போட்டேன், வக்கீல் யாரையும் வைக்கல. கேஸ் பேரும் 12 மாசக் கமிஷன் பட்டியலும் மட்டும். நாலு மாசம் இழுத்தாங்க, ஆனா குடுத்துட்டாங்க. இப்ப லீவு எடுத்தா பேஸ்லிப்புல 'ஹாலிடே கமிஷன்'னு தனி வரி வருது.


மாலா_குரோய்டன் | மார்ச் 12

எல்லாற்றையும் வாசிச்சன். நான் முதியோர் பராமரிப்பில, சீரோ அவர்ஸ், அதாவது இத்தினை மணித்தியாலம் எண்டு உறுதியில்லாத வேலை. எங்களுக்கு லீவுக் காசு எண்டு தனியா ஒண்டும் தாறேல்லை. பேஸ்லிப்பில ஒவ்வொரு மாதமும் 12.07 வீதம் எண்டு கொஞ்சக் காசு தனி வரியில வருது. இது சரியோ? ஓவர்டைம் செய்த மாதத்தில அந்தக் காசும் கூடவேணுமோ?


தேன்மொழி_ஹரோ | மார்ச் 12

சரிதான் தங்கச்சி. ஒழுங்கான நேரம் இல்லாத ஆக்களுக்கு, 2024 ஏப்ரல் 1இலயோ அதுக்குப் பிறகோ தொடங்கின லீவு வருசத்தில இருந்து அப்பிடி மாதாமாதம் சேத்துக் குடுக்கலாம். 52 கிழமையில 5.6ஐக் கழிச்சால் 46.4. 5.6ஐ 46.4ஆல பிரிச்சால் 12.07 வீதம். பேஸ்லிப்பில தனி வரியாக் காட்டவேணும். சம்பளத்துக்குள்ளயே அடங்கியிருக்கு எண்டு வாயால சொல்லேலாது. அந்த மாதம் உழைச்ச முழுக்காசுக்கும் வீதம் போடவேணும், அதால ஓவர்டைம் கூடினால் அந்தக் காசும் கூடவேணும். கூடாட்டிக் கேளுங்கோ. அந்தக் காசை லீவுக்கெண்டு எடுத்து வையுங்கோ, பிறகு லீவெடுக்கேக்க ஒண்டும் வராது.


ஊரெழுவான் | மார்ச் 16

தேன்மொழி, நேற்றுச் சனி வேலைக்குப் போக முந்தி நானும் மனிசியும் குசினி மேசையில பேஸ்லிப்புகளைப் பரப்பினம். அவ திகதி வாசிக்க நான் கலண்டரில புள்ளி வைச்சன். ஆகஸ்டுக்கு முந்தின 52 கிழமையில 46 சனி. விட்ட ஆறில ஒண்டு மகளின்ர அரங்கேற்றம், இரண்டு காய்ச்சல், மற்றது லைன் உடைஞ்ச நாளுகள். டிசம்பருக்கு முந்தின 52இல 43.

புள்ளியளைப் பாத்துக்கொண்டு மனிசி கனநேரம் கதைக்கேல்லை. "ஒரு வருசத்தில எங்களோட சனிக்கிழமை இரவு சாப்பிட்டது ஆறு தரம்" எண்டா. எனக்கு ஒரு பதிலும் வரேல்லை.

என்ர கணக்கு: கிழமைக்கு 151.20, நாலு கிழமைக்கு 604.80. இதைத்தானே கேக்கிறது? 28 நாளுக்கும் கேட்டால் இன்னும் கூட வருமோ?


தேன்மொழி_ஹரோ | மார்ச் 16

இல்லை அண்ணை, கூட்டிக் கேக்காதேங்கோ. ஒரு எழுத்துப் பிழை எண்டாலும் அதைப் பிடிச்சுக்கொண்டு முழுக் கடிதத்தையும் திருப்பி அனுப்புவினம். நானும் பேரோலில அந்தப் பக்கம் இருக்கிறவள்தான், எப்பிடிப் பாப்பினம் எண்டு தெரியும்.

சராசரி எடுக்கவேணும். ஆகஸ்டுக்கு 46ஐ 151.20ஆல பெருக்கினால் 6,955.20. அதை 52ஆல பிரிச்சால் கிழமைக்கு 133.75. மூண்டு கிழமைக்கு 401.26. டிசம்பருக்கு 43ஐ 151.20ஆல பெருக்கினால் 6,501.60, 52ஆல பிரிச்சால் 125.03. மொத்தம் 526.29. 28 நாளுக்குக் கேக்காதேங்கோ, 20 நாளுக்கு மட்டும்.

நாளைக்கே கடிதம் எழுதுங்கோ. ஒரு பக்கத்துக்கு மேல வேண்டாம். திகதிகள், 46, 43, 526.29, வேலைநேர ஒழுங்குவிதி 16. கோபம் ஒண்டும் வேண்டாம். ஏழு நாளைக்குள்ள பதில் தரச்சொல்லுங்கோ. வராட்டி 26ஆம் திகதி ஏகாஸில பதியுங்கோ, 30 வரைக்கும் இருந்து பாக்காதேங்கோ.


ஊரெழுவான் | மார்ச் 25

பதில் வந்திட்டுது. டிசம்பருக்கு 125.03 தாறமாம். ஆகஸ்டுக்கு இல்லையாம். இரண்டு குறைப்புக்கும் இடையில மூண்டு மாதத்துக்கு மேல இடைவெளி இருந்தால் சங்கிலி அறுந்துபோகுமாம், ஆகஸ்ட் பிந்திப் போச்சுதாம். ஆகஸ்ட் 30க்கும் டிசம்பர் 31க்கும் இடையில நாலு மாதம்தானே, உது சரியோ?


தேன்மொழி_ஹரோ | மார்ச் 25

அது பழைய கதை அண்ணை. 2014 'பெயார் ஸ்கொட்லண்ட்' தீர்ப்பில அப்பிடி ஒரு மூண்டு மாத விதி இருந்தது. 2023 ஒக்ரோபர் 4இல உச்ச நீதிமன்றம் அதை இல்லாமல் ஆக்கிப்போட்டுது. வட அயர்லாந்துப் பொலிஸ் வழக்கு. பொலிஸும் அலுவலக ஊழியரும் சேர்ந்து 3,700 பேருக்கு மேல. அவைக்கும் லீவில அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் குடுத்து வந்தது, ஓவர்டைம் சேக்கேல்லை. உங்கட கதைதான். ஒரே காரணத்தால திரும்பத் திரும்பக் குறைச்சால் அது ஒரே தொடர்தான், இடையில மூண்டு மாதம் கடந்தாலும் அறாது எண்டு சொல்லிச்சினம்.

இங்கிலாந்தில வேற ஒரு எல்லை மட்டும் இருக்கு: பின்னோக்கி இரண்டு வருசம். உங்கட ஆகஸ்ட் அதுக்குள்ள வடிவா நிக்குது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த வேற லீவு இருந்தால் அதுவும் சேரும், பாருங்கோ.

இதை அப்பிடியே அவைக்குத் திருப்பி எழுதுங்கோ. ஆனால் பதிலுக்குக் காத்திருக்கவேண்டாம். நாளைக்குக் காலமை வேலை முடிஞ்சு வந்து படுக்க முந்தி ஏகாஸ் படிவத்தை நிரப்புங்கோ. கொம்பனியின்ர பேரைப் பேஸ்லிப்பில இருக்கிற மாதிரியே எழுதுங்கோ, வாசல் பெயர்ப்பலகையில இருக்கிற மாதிரி இல்லை. அந்த ஒரு பிழையால நான் கண்ட வழக்கு ஒண்டு சரிஞ்சது.


ஊரெழுவான் | மார்ச் 26

பதிஞ்சிட்டன். காலமை ஏழரைக்கு, பஸ்ஸில இருந்தே. நம்பர் வந்திட்டுது. 2023இல கனடாவுக்கு மச்சாளின்ர கலியாணத்துக்குப் போன இரண்டு கிழமையையும் சேத்து எழுதியிருக்கிறன். அந்த வருசப் பேஸ்லிப் முழுக்க என்னட்ட இல்லை, கொம்பனியிட்டக் கேட்டிருக்கிறன்.

இன்று புதன். பலகையில என்ர பேர் இருக்கு. படம் எடுத்தனான். போலந்துப் பெடியன் தன்ர பேரை அழிக்கச் சொல்லிப்போட்டு, "அடுத்த சனிக்கு நீயும் அழி" எண்டான். மகளிட்டச் சொல்லியிருக்கிறன், ஏப்ரல் 5 இரவு வீட்டில நிக்கிறன் எண்டு.


தேன்மொழி_ஹரோ | மார்ச் 26

நல்லம் அண்ணை. ஏகாஸில இருந்து ஒரு ஆள் உங்களுக்குப் போன் எடுப்பார், நம்பரை மறைச்சு வாறதும் உண்டு, எடுக்காமல் விடாதேங்கோ. ஏப்ரல் பேஸ்லிப் வந்தவுடன 'ஹொலிடே பே அரியேர்ஸ்' (லீவுச் சம்பள நிலுவை) எண்டு வரி இருக்குதோ எண்டு பாத்து இஞ்ச போடுங்கோ. கந்தப்பு அண்ணைக்கும் அதைக் காட்டவேணும்.